அன்னக்கொடி கேட்ட ஐம்பத்தெட்டு முளைகள்

ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒரு நீலப் பெட்டி இருந்தது. தகரப் பெட்டிதான். ஆனால் அது தன்னைத் தகரம் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. யார் கேட்டாலும், "பள்ளிகளுக்கான வேளாண் விரிவாக்க உதவித் தொகுப்பு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும். சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து நாற்காலி தூங்கிவிடும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து காரில் வந்து இறங்கிய பெட்டி அது. வந்த அன்றைக்கு அதற்குச் சந்தனம் தடவினார்கள். ரிப்பன் கட்டி, அதே ரிப்பனை வெட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். "இனிமேல் இந்தப் பள்ளியின் வேளாண் பிரிவுதான் வட்டாரத்தின் விதைப் பரிசோதனை மையம். விவசாயிகள் விதையைக் கொண்டுவரலாம். மாணவர்கள் முளைக்கவைத்துப் பார்த்து, விதைக்கலாமா கூடாதா என்று சொல்வார்கள். முற்றிலும் இலவசம்" என்று மைக்கில் அறிவித்தார்கள். கைதட்டல் முடிவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

நல்ல ஏற்பாடுதான். பெட்டிக்குள் இருந்தவையும் நல்ல சாமான்கள்தான். மணல் நிரப்ப நான்கு தட்டுகள், ஒரு லென்ஸ், ஒரு ரப்பர் முத்திரை, ஒரு கையேடு. எல்லாவற்றுக்கும் அடியில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு சிவப்புச் சீட்டு.

பெட்டியின் மேல் சாய்ந்து படுத்திருக்கும் ரெக்கார்டு நோட்டு மட்டும் பல்கலைக்கழகத்து ஆள் இல்லை. அது பள்ளிக்கூடத்துப் பிறவி. பிரவுன் அட்டை, வெள்ளை லேபிள், முனை மடங்காத பக்கங்கள். மையத்தில் நடந்த சோதனை எல்லாம் அதில்தான் எழுதியிருந்தது. அதற்கு மனுஷர் மாதிரிப் பேச வராது. "நான் தூங்கினேன்" என்று சொல்லாது. "உறக்கம் மேற்கொள்ளப்பட்டது" என்று சொல்லும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், அன்னக்கொடி என்பவள் பெட்டி இருந்த வகுப்பறைக்கு வந்தாள். கையில் ஒரு துணி முடிச்சு. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நின்றாள்.

"உள்ள வாங்கம்மா" என்றார் வேளாண் ஆசிரியர் தவமணி. அவர் கெட்டவர் இல்லை. ஒரே ஆளுக்கு ஆறு வேலை. அப்போதும் ஏதோ ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டுதான் இருந்தார்.

"சார், இது விதைக்கடலை. எங்க காட்டுல வெளஞ்சதுதான். கொட்டகை ஒழுகி மூட்டை நனஞ்சிருச்சு. காயவச்சுட்டேன். பாத்தா நல்லாத்தான் இருக்கு. ஆனா மனசு ஒப்பல."

"அதுக்கென்னம்மா, டெஸ்ட் பண்ணிருவோம்."

"ரெண்டு ஏக்கர் சார். மானாவாரி. அடுத்த மழைக்குப் போட்டாகணும். போட்டு மொளைக்கலைன்னா மறுவெத வாங்க வழி இல்ல. வருசத்துக்கு ஒரு தடவதான் அந்தக் காடு எங்களுக்குச் சோறு போடும். வெதைக்கலாமா வேண்டாமா, அது ஒண்ணு சொன்னாப் போதும்."

"பத்து நாள் கழிச்சு வாங்க. நாகஜோதி, இங்க வா. அம்மாகிட்ட விதைய வாங்கி நூறு எண்ணிப் போடு."

நாகஜோதி பதினொன்றாம் வகுப்பு. முடிச்சை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"பத்தரமா பாத்துக்க தாயி" என்றாள் அன்னக்கொடி. ஏதோ கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல.

நாகஜோதி ஆற்றுமணலைச் சலித்தாள். தட்டுகளில் நிரப்பினாள். தட்டுக்கு இருபத்தைந்து பருப்பு வீதம் நூறு பருப்பை வரிசையாக ஊன்றி, மேலே மணல் தூவி, அளந்து தண்ணீர் தெளித்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதுதான் தாமதம், மணலுக்குள் ஒரே சத்தம்.

"ஏய், தள்ளுடா! மூச்சு முட்டுது."

"எங்கடா தள்ள? ஸ்கேல் வச்சு ஊனியிருக்கு அந்தப் புள்ள. ஒரு நூல் நகர முடியாது."

"இது யாரு காடு? மண்ணு வாசமே இல்லையே."

"காடு இல்லப்பா, பள்ளிக்கூடம். நம்மளப் பரிச்சைக்கு உக்காத்தியிருக்காங்க."

"அய்யய்யோ! நான் ஒண்ணுமே படிக்கலையே!"

சிரித்தன. ஈரம் உள்ளே இறங்க இறங்கச் சிரிப்பு குறைந்தது. இது விளையாட்டில்லை என்று அவற்றுக்கும் தெரியும். மூட்டை நனைந்த அன்றே உள்ளுக்குள் என்னமோ புழுங்கியதை ஒவ்வொன்றும் நினைவு வைத்திருந்தது.

மேலே இருந்து ரெக்கார்டு நோட்டு கனைத்தது.

"அமைதி கடைப்பிடிக்கப்பட வேண்டும். விதைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. மணலில் இடப்பட்டன. நீர் தெளிக்கப்பட்டது. முடிவு, தொண்ணூற்றிரண்டு."

ஒரு பருப்புக்குப் புரியவில்லை. "எது தொண்ணூத்திரெண்டு?"

"முளைத்தவற்றின் எண்ணிக்கை."

"நாங்க இப்பத்தானேண்ணே தண்ணியே குடிச்சோம்!"

"அது உங்கள் பாடு. முடிவு நான்கு வருடங்களுக்கு முன்பே எட்டப்பட்டது."

பெட்டிக்குள் இருந்த லென்ஸ் குறுக்கிட்டுப் பேசியது. ஒற்றைக் கண். ஓரத்தில் ஒரு கீறல். அது வம்பு வளர்க்காது, பார்த்ததைச் சொல்லும், அவ்வளவுதான்.

"பயப்படாதீங்க. அது அப்படித்தான். கையேட்டுல ஏழாம் பக்கத்துல, 'எடுத்துக்காட்டு'ன்னு தலைப்புப் போட்டு, நூறுக்குத் தொண்ணூத்திரெண்டுன்னு ஒரு மாதிரிக் கணக்கு இருக்கு. மொத வருசம் ஒரு பையன் அதப் பாத்து அப்படியே எழுதிட்டான். சிவப்பு மையில 'மிக நன்று' விழுந்துச்சு. அடுத்த தடவ எழுதினவன் அவனப் பாத்து எழுதினான். அதுக்கு அடுத்தவன் இவனப் பாத்து. நெல்லு வந்தாலும் தொண்ணூத்திரெண்டு, உளுந்து வந்தாலும் தொண்ணூத்திரெண்டு."

"எடுத்துக்காட்டுன்னு தலைப்பு இருந்துச்சே?"

"தலைப்ப யாரு காப்பி அடிக்கிறா?"

நீலப் பெட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "மேற்படி லென்ஸ் வரம்பு மீறிப் பேசுவதாக அறிகிறேன். நமது மையம் தொடர்ந்து நான்கு ஆண்டுகளாகப் பச்சைப் புள்ளியில் உள்ளது என்பதைத் தங்களது மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்."

"பச்சைப் புள்ளியா? அது என்னது?" என்றது ஒரு பருப்பு.

"பல்கலைக்கழகத்தில் ஒரு வரைபடம் உள்ளது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு புள்ளி. முளைப்பு நன்றாக இருந்தால் பச்சை. குறைந்தால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் அங்கிருந்து ஒருவர் காரெடுத்து நேரில் வந்து பார்க்க வேண்டும். பச்சை என்றால் வரத் தேவையில்லை. நம்மிடம் நான்கு ஆண்டுகளாக ஒருவரும் வரவில்லை. இதைவிடப் பெருமை உண்டா?"

அப்போது பெட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. சத்தம் போட்டுப் பழக்கமில்லாத குரல்.

"என்னைய ஒருக்கா எடுத்துப் படிங்களேன்."

சிவப்புச் சீட்டு. நான்கு வருஷமாக வெளிச்சமே பார்க்காததால் நிறம் மட்டும் புத்தம்புதிதாக இருந்தது.

"உங்க வேல என்னக்கா?" என்று கேட்டது ஒரு பருப்பு.

"அறுபதுக்குக் கீழ மொளைச்சா, விவசாயி பேர எழுதி என்னைய அனுப்பணும். மூணு நாள்ல நல்ல விதை வரும். காசு வேண்டாம், கால்ல விழ வேண்டாம். பேர எழுதி அனுப்பினாப் போதும். என் உடம்பு பூரா இதுதான் அச்சடிச்சிருக்கு."

"இதுவரைக்கும் எத்தனை பேருக்கு வந்திருக்கு?"

பெட்டி முந்திக்கொண்டு சொன்னது, கம்பீரமாக. "ஒரு சீட்டுகூட வீணடிக்கப்படவில்லை. முழுக்கட்டும் இருப்பில் உள்ளது."

"பூட்டி வச்சுட்டு அதுல பெரும வேறயா உனக்கு?" என்று மணலுக்குள்ளிருந்து ஒரு பருப்பு கத்தியது. "ஒழுகுற கொட்டகைக்கு ஓல வேயறேன்னு சொல்லிட்டு, ஓலையப் பாயாப் போட்டுப் படுத்துக்கிட்ட கணக்கா இருக்கு!"

"விதைகள் பேசக் கூடாது. விதைகள் முளைக்க வேண்டும்" என்றது பெட்டி.

அதைத்தான் செய்ய முயன்றன. நான்காம் நாள், முதல் பருப்பு மணலைப் பிளந்து தலையை நீட்டியது. "வந்துட்டேன்டா!" என்று அது கூவிய கூவலில் லென்ஸுக்கே சிலிர்த்தது. பின்னாலேயே இன்னொன்று, இன்னும் ஒன்று.

"எந்திரிங்கடா! பக்கத்துல யாரு? ஏலே, ஸ்கேல் வச்சு ஊனினாங்கன்னு சிரிச்சியே, எங்கடா நீ?"

பக்கத்தில் பதில் இல்லை.

"மூணாவது வரிசை! பரிச்சைக்குப் படிக்கலன்னு அழுதவனே!"

அங்கேயும் பதில் இல்லை. பூஞ்சை பிடித்த வாசனை மட்டும் மேலே வந்தது. அதற்கப்புறம் முளைத்தவை கூவவில்லை. தலையை நீட்டும்போது சத்தமில்லாமல் நீட்டின.

பத்தாம் நாள் காலையில் நாகஜோதி லென்ஸை எடுத்துக்கொண்டு தட்டுகளின் முன்னால் உட்கார்ந்தாள். முதல் தட்டில் ஒன்பது. இரண்டாவதில் எட்டு. மூன்றாவதில் பதினொன்று. நான்காவதில் ஆறு. ஒருமுறைக்கு மூன்றுமுறை எண்ணினாள். முளைக்காததை ஒவ்வொன்றாகத் தோண்டி, அழுத்திப் பார்த்தாள். கொழகொழவென்று நசுங்கியது.

ரெக்கார்டு நோட்டைத் திறந்து பென்சிலால் எழுதினாள். முளைத்தவை, முப்பத்துநான்கு.

ரெக்கார்டு நோட்டுக்கு உடம்பெல்லாம் அரித்தது. "என்ன இது? என் மேல் என்ன எழுதப்பட்டது? நீக்கப்பட வேண்டும்! உடனே நீக்கப்பட வேண்டும்!"

"உண்மைதான்" என்றது லென்ஸ். "நான் பாத்தேன்."

"பார்த்ததை எல்லாம் எழுதினால் அதற்குப் பெயர் ரெக்கார்டா? முந்தைய பக்கத்தைப் பார்த்து எழுதுவதுதான் ரெக்கார்டு!"

தவமணி சார் வந்தார். நோட்டைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"என்னம்மா இது, முப்பத்திநாலு?"

"அவ்வளவுதான் சார் மொளைச்சிருக்கு."

"தண்ணி ஒழுங்கா ஊத்துனியா?"

"அளந்து ஊத்துனேன் சார். மூணு வாட்டி எண்ணினேன்."

"அப்ப மணல் சரியில்லாம இருக்கும். இல்ல நீ ஆழமா ஊனியிருப்ப. நம்ம சென்டர்ல இத்தன வருசத்துல தொண்ணூத்திரெண்டுக்குக் கீழ வந்ததே இல்ல. உனக்கு மட்டும் எப்பிடி வரும்? தப்பு எங்கயோ உன்கிட்டதான் இருக்கு."

"சார், நசுக்கிப் பாத்தேன் சார். அழுகியிருக்கு."

"முப்பத்திநாலுன்னு போட்டா சிவப்புப் புள்ளி விழும். ஏன் விழுந்துச்சுன்னு வெளக்கம் கேட்டு மேலேர்ந்து லெட்டர் வரும். யாரு எழுதுறது பதில்? நீயா? அழிச்சிட்டு, முன்னாடி பக்கத்தப் பாத்துச் சரியா எழுதும்மா."

"எங்கள எடுங்க!" என்று பெட்டியின் அடியிலிருந்து சீட்டுகள் மொத்தமும் கத்தின. நான்கு வருஷத்துக் குரலையும் சேர்த்துக் கத்தின. மனுஷர் காதில் விழவில்லை.

நாகஜோதி ரப்பரை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அழித்தாள்.

ரெக்கார்டு நோட்டு பெருமூச்சு விட்டது. "பிழை திருத்தப்பட்டது."

ரப்பர் முத்திரைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். அறிக்கைத் தாளின் மேல் துள்ளி விழுந்து அதைச் சொன்னது. "சரிபார்க்கப்பட்டது!"

"நீ எப்படா பாத்த?" என்று தட்டிலிருந்த முளைகள் முப்பத்துநான்கும் ஒரே குரலில் கேட்டன.

"சரிபார்க்கப்பட்டது!" என்றது முத்திரை.

மத்தியானம் அன்னக்கொடி வந்தாள். தாளை வாங்கினாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். "தொண்ணூத்தி... ரெண்டா! நூத்துக்கா சார்?"

"ஆமாம்மா. தைரியமா விதைங்க."

"நான் ஒருத்தி, வீணா மனசப் போட்டுக் கொழப்பிக்கிட்டேன்." கண் கலங்கச் சிரித்தாள். நாகஜோதியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "ஒன் கை நல்ல கை தாயி."

நாகஜோதி தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மழை வந்தது. அன்னக்கொடி ஏர் பிடிக்க ஆள் சொன்னாள். வீட்டில் இருந்த மூட்டை மொத்தத்தையும் உடைத்து இரண்டு ஏக்கருக்கும் போட்டாள். ஒரு பிடிகூட எடுத்து வைக்கவில்லை. தொண்ணூற்றிரண்டு தேறும் விதையை எதற்கு எடுத்து வைப்பது?

பத்து நாளில் காடு பதில் சொல்லிவிட்டது. இங்கே ஒரு செடி, அங்கே ஒரு செடி, நடுவில் வெறும் செம்மண். சொட்டையாக நின்றது காடு. முதல் இரண்டு நாள் அவள் எறும்பைத் திட்டினாள். மூன்றாம் நாள் மயிலைத் திட்டினாள். நான்காம் நாள் உழவுச் சாலில் குத்தவைத்து உட்கார்ந்து, விதை விழுந்த இடத்தை எல்லாம் விரலால் கிளறி, நூறு வரைக்கும் எண்ணினாள். முளைத்தது முப்பத்துநான்கு. முளைக்காதது அத்தனையும் மண்ணுக்குள்ளேயே இருந்தது. எறும்பும் தொடவில்லை, மயிலும் தொடவில்லை. அழுகிக் கிடந்தது.

அவள் எழுந்தாள். மடியில் தாளைச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தாள்.

அங்கே அன்றைக்கு விழா. சாமியானா போட்டிருந்தது. நான்கு வருஷத்துக்குப் பிறகு பல்கலைக்கழகத்துக் கார் வந்திருந்தது. சிவப்புப் புள்ளி விழுந்து வரவில்லை. தொடர்ந்து பச்சையாக இருந்ததற்காகச் சிறந்த மையம் என்று கேடயம் கொடுக்க வந்திருந்தது. மேடையில் மேசை, மேசையில் நீலப் பெட்டி, அதற்கு மறுபடியும் சந்தனம். ரெக்கார்டு நோட்டுக்குப் புது அட்டை.

பல்கலைக்கழகத் திட்ட அலுவலர் மைக்கைத் தட்டினார். "ஹலோ, ஹலோ. இந்த இனிய தருணத்திலே, நான் பெருமிதத்தோடு ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எத்தனையோ மையங்களிலே ஏற்றம் உண்டு, இறக்கம் உண்டு. ஆனால் இந்த மையத்திலே மாத்திரம் தொண்ணூற்றிரண்டு! என்றும் தொண்ணூற்றிரண்டு! நெல்லிலும் தொண்ணூற்றிரண்டு! உளுந்திலும் தொண்ணூற்றிரண்டு! வறட்சியிலும் தொண்ணூற்றிரண்டு! வெள்ளத்திலும் தொண்ணூற்றிரண்டு!"

கைதட்டல். கைதட்டல் ஓய்ந்த இடத்தில் ஒரு குரல் கேட்டது.

"அய்யா, எனக்கு ஒரு அம்பத்தெட்டு வேணும்."

எல்லோரும் திரும்பினார்கள். அன்னக்கொடி நின்றுகொண்டிருந்தாள். காலில் செம்மண்.

"என்னம்மா அம்பத்தெட்டு?" என்றார் அலுவலர், சிரித்தபடி.

"மொளை." மடியிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "நூத்துக்குத் தொண்ணூத்திரெண்டு மொளைச்சிருச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. முத்திரையும் இருக்கு. என் காட்டுல முப்பத்திநாலுதான் இருக்கு. மிச்சம் அம்பத்தெட்டு உங்ககிட்டதானே இருக்கணும்? நூத்துக்கு அம்பத்தெட்டு வீதம் ரெண்டு ஏக்கருக்கும் எடுத்துக் குடுங்க. கொண்டுபோய் நட்டுக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். யாரும் கூடச் சேரவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது.

"அம்மா, உங்க மண்ணுல ஏதாவது கோளாறு இருக்கும்" என்றார் அலுவலர். "விதை நல்ல விதை. ஆதாரம் இருக்கு பாருங்க." ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"சோதனை செய்யப்பட்டது. முடிவு எட்டப்பட்டது" என்று அது புது அட்டைக்குள்ளிருந்து மினுக்கியது.

"மண்ணுல கோளாறு இல்ல சார்." சொன்னது நாகஜோதி. வரிசையில் எழுந்து நின்றிருந்தாள். "தட்டுலயும் முப்பத்திநாலுதான் சார் மொளைச்சுது. நான்தான் எண்ணினேன். நான்தான் எழுதினேன். நான்தான் அழிச்சேன். அந்தப் பக்கத்தச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க, பென்சில் தடம் தெரியும்."

தவமணி சார் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழவில்லை. மறுக்கவும் இல்லை.

அலுவலர் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தார். பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. பெட்டியைத் திறந்தார். அடியில் கையை விட்டு ஒரு கட்டை எடுத்தார். ரப்பர் பேண்டு இற்றுப்போய் அவர் கையிலேயே அறுந்தது.

"இதை ஏன் சார் அனுப்பல?" என்று தவமணியைக் கேட்டார். "இவங்களுக்கு மூணு நாள்ல விதை வந்திருக்குமே!"

"அது என்னய்யா?" என்றாள் அன்னக்கொடி.

அலுவலர் வாய் தவறிச் சொல்லிவிட்டதை அப்போதுதான் உணர்ந்தார். மெதுவாகச் சொன்னார். "முளைப்பு கம்மின்னா மாத்து விதை கேக்குற சீட்டும்மா. இலவசம்."

"இங்கயே இருந்துச்சா?"

"...இருந்துச்சு."

"அப்ப இப்ப எழுதுங்க."

அலுவலர் சீட்டின் கடைசி வரியைப் படித்தார். "விதைப்புக்கு முன் மட்டுமே செல்லும்னு இருக்கும்மா."

சீட்டு அவர் கையில் நடுங்கியது. "அது நான் போட்ட விதி இல்ல தாயி. என் மேல அச்சடிச்சது" என்று சொன்னது. அதைத்தான் வாழ்நாளெல்லாம் சொல்லக் காத்திருந்ததா என்று நினைத்து அதற்கே வெட்கமாக இருந்தது.

நீலப் பெட்டி மட்டும் அசரவில்லை. "இது குறித்து விரிவான அறிக்கை உரிய வழியில் சமர்ப்பிக்கப்படும்."

அன்னக்கொடி எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். கேடயத்தைப் பார்த்தாள். பந்தலைப் பார்த்தாள். நாகஜோதியைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள்.

"அப்ப என் அம்பத்தெட்டு எங்கதான் மொளைச்சுது?"

மைக் உய்ங் என்றது.

"இதுலதானே?" மேடையேறி, அலுவலர் கையிலிருந்த ரெக்கார்டு நோட்டை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, தன் பொருளை வாங்குவதுபோல வாங்கினாள். "நெல்லு, உளுந்து, கடலை, எதப் போட்டாலும் தொண்ணூத்திரெண்டு மொளைக்குதுன்னா, இந்த ஊர்லயே நல்ல நெலம் இதுதான். நான் கொண்டுபோறேன்."

"அம்மா, அது ஆபீஸ் ரெக்கார்டு! அத எடுக்கக் கூடாது!"

"என் சோறு என் காட்டுலேர்ந்து போனப்ப யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லலையே அய்யா."

அவள் இறங்கி நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. நாகஜோதி வரிசையை விட்டு விலகி, பின்னாலேயே போனாள். அவளைக் கூப்பிட வாயெடுத்த தவமணி சார் வாயை மூடிக்கொண்டார்.

வழிநெடுக ரெக்கார்டு நோட்டு அலறிக்கொண்டே போனது. "நான் கொண்டுசெல்லப்படுகிறேன்! விதி மீறப்படுகிறது! இது வன்மையாகக் கண்டிக்கப்படுகிறது!"

காட்டில் பெரிய சொட்டையாகத் தெரிந்த இடத்துக்கு அன்னக்கொடி போனாள். மண்வெட்டியால் ஒரு குழி வெட்டினாள். நோட்டைப் படுக்கவைத்து மண்ணைத் தள்ளினாள். நாகஜோதி குடத்துத் தண்ணீரைச் சாய்த்து ஊற்றினாள். பிறகு இருவரும், மிச்சம் நிற்கிற செடிகளுக்காவது களை எடுப்போம் என்று, ஆளுக்கொரு சாலாகப் பார்த்துக் குனிந்தார்கள்.

மண்ணுக்குள் ஒரே இருட்டு. ஈரம் அட்டையைத் தாண்டி இறங்கியது. லேபிள் கழன்றது. நான்கு வருஷத்து மை ஒவ்வொரு வரியாகக் கரைந்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அது நேராகப் பேசியது.

"அய்யோ, நான் நனையறேன்! நான் அழுகறேன்! யாராவது என்னைய எடுங்களேன்!"

இருபக்கமும் இருந்த கடலைச் செடிகள் குனிந்து பார்த்தன. பக்கத்தில் படுத்திருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல் தனியாக எழுந்து நின்ற செடிகள் அவை.

"கத்தாத" என்றது ஒரு செடி. "மொளைச்சுக் காட்டு. பத்தாம் நாள் எண்ண வருவாங்க."